ஹெட்போனுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பொருத்தம் பார்த்தீர்களா?

"என்னம்மா இது... சுசீலா குரல்ல மணலைக் கொட்டின மாதிரி இருக்கு!"

அப்பா ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டார். எழுபதாவது பிறந்த நாளுக்குத் தம்பி ஆசையாக வாங்கிவந்த பரிசு அது. ஸ்டுடியோக்களில் ஒலிப்பதிவாளர்கள் மாட்டிக்கொள்ளும் ரகம். அப்பாவின் போனில் சொருகியபோது முழு வால்யூமில் வைத்தும் அவருக்குச் சத்தம் போதவில்லை. கடையில் கேட்டதற்கு, "இதுக்குத் தனியா டாக்-ஆம்ப் வேணும் சார். நியூட்ரலா வேணுமா, வார்மா வேணுமா?" என்றிருக்கிறார்கள். அப்பா கேட்பதெல்லாம் பழைய பாட்டு என்பதால் தம்பியும் "வார்ம்" என்று சொல்லி, 18,000 ரூபாய்க்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பெட்டியை மாட்டியதும் சத்தம் கூடியது. மணல் மட்டும் போகவில்லை. இன்னும் சொன்னால், கூடியது!

தவறு எங்கே நடந்தது என்று தேடக் கிளம்பியதில் ஓரிரு மாதங்கள் ஓடின. அதில் தெரிந்துகொண்டது நிறைய. நீங்களும் ஹெட்போனுக்காக ஒரு டாக், ஒரு ஆம்ப் வாங்க நினைத்தால், பர்ஸைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

டாக் எதற்கு, ஆம்ப் எதற்கு?

போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள்தான். சி.டி. தரத்தில் ஒரு நொடி இசை என்பது ஒவ்வொரு காதுக்கும் 44,100 எண்கள். அந்த எண்களை ஏறி இறங்கும் மின்சார அலையாக மாற்றுவது டாக். அந்த அலை மெலிந்தது. ஹெட்போனுக்குள் இருக்கும் சவ்வை அசைக்கத் தேவையான தெம்பை அதற்குக் கொடுப்பது ஆம்ப்ளிஃபையர்.

இவை இரண்டும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 3.5 மி.மீ. ஜாக் உள்ள போனில் அவை போனுக்குள்ளேயே உண்டு. 2016-ல் ஐபோன் 7-ல் அந்த ஜாக்கை எடுத்தார்கள். பிறகு பல நிறுவனங்களும் அதே வழியில் போயின. அதன்பின் வந்ததுதான் யுஎஸ்பி-சி டாங்கிள். விரல் நீளம்கூட இல்லாத அந்த வயருக்குள் ஒரு டாக்கும் ஒரு ஆம்ப்பும் உட்கார்ந்திருக்கின்றன. ப்ளூடூத் ஹெட்போன் என்றால் இரண்டும் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கும். எனவே, ப்ளூடூத்தில் மட்டும் கேட்பவர்களுக்குத் தனி டாக், தனி ஆம்ப் எதுவும் தேவையில்லை.

நியூட்ரல் என்றால்? வார்ம் என்றால்?

பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் தருவது நியூட்ரல். மனிதக் காதுக்கு எட்டும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எந்தச் சுருதியையும் தூக்கிப் பிடிக்காது, அமுக்கவும் செய்யாது. கீழ்ச்சுருதிகள் கொஞ்சம் தூக்கலாக, கூர்மையான மேல்சுருதிகள் கொஞ்சம் அடங்கி வந்தால் அது வார்ம், அதாவது இதமான ஒலி. முன்னது கண்ணாடியில் பார்க்கும் முகம். பின்னது மாலை வெயிலில் எடுத்த போட்டோ.

இதில் உயர்ந்தது, தாழ்ந்தது கிடையாது. அப்பா தலைமுறைக்கு இதமான ஒலி பிடிக்க ஒரு காரணமும் இருக்கிறது. அவர்கள் இலங்கை வானொலி கேட்டது மரப்பெட்டி வால்வு ரேடியோவில். மீடியம் வேவ் ஒலிபரப்பில் மேல்சுருதிகள் பெரும்பாலும் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். அந்த ஒலியில் பழகிய காதுக்கு, எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டும் இன்றைய ஸ்டுடியோ ஹெட்போன் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

ருசி எங்கிருந்து வருகிறது?

நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். ஒலியின் குணத்தைப் பெருமளவு தீர்மானிப்பது ஹெட்போன். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட்டால் சில சுருதிகளில் 5 டெசிபல், 10 டெசிபல் வித்தியாசம் சாதாரணம். ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட இரண்டு டாக்குகளுக்கு இடையே அது பெரும்பாலும் ஒரு டெசிபலில் சிறு பகுதிகூட வராது. காபித்தூளை மாற்றாமல் டம்ளரை மட்டும் மாற்றினால் ருசி மாறுமா?

இதற்கு விதிவிலக்கும் உண்டு. 'நாஸ்' என்று விற்கப்படும் ஒருவகை டாக்கில், எண்களுக்கு இடையே நிரவும் வேலையை வேண்டுமென்றே செய்யாமல் விடுகிறார்கள். அதனால் சி.டி. தரப் பாட்டில் 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும், 20,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபலும் குறைந்துவிடும். 'இதமான டாக்' என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவற்றில் இதுவும் ஒன்று. பெரிய மர்மம் எதுவும் இல்லை, உச்சிச் சுருதி கொஞ்சம் மழுங்குகிறது.

ஆக, டாக் பெரும்பாலும் ருசியை மாற்றாது. ஆனால் ஆம்ப்புக்கும் ஹெட்போனுக்கும் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். முக்கியமானவை மூன்று.

முதல் பொருத்தம்: சத்தம்

ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, ஓம் கணக்கில் இம்பீடன்ஸ். இன்னொன்று, டெசிபல் கணக்கில் சென்சிட்டிவிட்டி. தம்பி வாங்கியது 250 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். இதை அசைக்க எத்தனை வோல்ட் வேண்டும்?

250 ஓமில் ஒரு மில்லிவாட் பாய 0.5 வோல்ட் தேவை. அப்போது உச்ச சத்தம் 96 டெசிபல். வோல்ட்டை இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் ஏறும். எனவே 1 வோல்ட்டில் 102, 2 வோல்ட்டில் 108. அவ்வளவு உச்சம் வீட்டில் கேட்கும் எந்த இசைக்கும் தாராளம். 2 வோல்ட் தரும் டாங்கிள்கள் சட்டைப்பை அளவில், சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில நிறுவனங்கள் சென்சிட்டிவிட்டியை மில்லிவாட்டுக்குச் சொல்கின்றன. சில, ஒரு வோல்ட்டுக்குச் சொல்கின்றன. எங்கள் ஹெட்போனையே வோல்ட் கணக்கில் எழுதினால் 96 என்பது 102 ஆகிவிடும். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் கணக்கு தவறும்.

காதுக்குள் சொருகும் இயர்போன்களின் கதை நேரெதிர். 32 ஓம், மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் என்றால் வெறும் 0.18 வோல்ட்டிலேயே 110 டெசிபலைத் தொட்டுவிடும். அதற்குப் பெரிய ஆம்ப் வாங்கினால், பாட்டு இல்லாத இடத்திலும் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கலாம். வால்யூமைத் தெரியாமல் கொஞ்சம் திருகினாலே காது வலிக்கும். இயர்போன் வைத்திருப்பவர்களுக்குச் சிறிய டாங்கிளே சிறந்தது.

இரண்டாம் பொருத்தம்: ஓம்

இதைப் புரியவைத்தவர் அப்பாதான். வேலை பார்த்த காலமெல்லாம் வயரிங்கில் கழித்தவர். "வீட்டுல மோட்டார் போட்டதும் பல்பு மங்குதுல்ல? ஏன்? வர்ற லைன்லயே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கு. பெரிய லோடு இழுக்கும்போது வோல்ட்டேஜ் அங்கேயே விழுந்துடுது. அதேதான் இதுவும்" என்றார்.

ஆம்ப்புக்குள்ளும் அப்படி ஒரு தடை இருக்கிறது. அதன் பெயர் அவுட்புட் இம்பீடன்ஸ். ஹெட்போனின் இம்பீடன்ஸோ எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆம்ப்பின் தடை அதிகமாக இருந்தால், ஹெட்போன் குறைந்த ஓம் காட்டும் சுருதிகளில் வோல்ட்டேஜ் விழும். அதிக ஓம் காட்டும் சுருதிகள் தூக்கலாகக் கேட்கும். ஒலியின் குணமே மாறிவிடும்.

ஒலிப்பிரியர்கள் மத்தியில் புகழ்பெற்ற சென்ஹைசர் ஹெச்டி 600, ஹெச்டி 650 இரண்டும் 300 ஓம் ஹெட்போன்கள். ஆனால் கீழ்ச்சுருதியில், 100 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில், அவற்றின் இம்பீடன்ஸ் 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. 120 ஓம் தடையுள்ள ஆம்ப்பில் மாட்டினால், அந்த இடம் மட்டும் சுமார் 1 டெசிபல் உயரும். இதைத்தான் 'இதமாக இருக்கிறது' என்று ரசிக்கிறார்கள். ஆம்ப் மாறியதால் ஒலி மாறியது என்பது இங்கே பிரமை இல்லை, கணக்கு.

அதே 'இதம்' இன்னொரு இடத்தில் விஷமாகும். பேலன்ஸ்டு ஆர்மச்சர் வகை இயர்போன்கள் சிலவற்றில் ஒரு சுருதியில் 8 ஓம், இன்னொரு சுருதியில் 40 ஓம் என்று ஏற்ற இறக்கம் இருக்கும். 10 ஓம் தடையுள்ள ஆம்ப்பில் அதை மாட்டினால் 5 டெசிபல் கோணல் விழும். 1 ஓம் ஆம்ப்பில் மாட்டினால் ஒரு டெசிபலுக்கும் கீழே.

நினைவில் வைக்க எளிய விதி: ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் வரை. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள இயர்போனுக்கு 1 ஓமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. பிளேனார் வகை ஹெட்போன்களில் இம்பீடன்ஸ் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்கும். அதனால் இந்த வகையில் ஆம்ப்பின் தடை அவற்றின் குணத்தை மாற்றாது. அவை எதிர்பார்ப்பது தெம்பை மட்டும்தான்.

மூன்றாம் பொருத்தம்: குணம்

வால்வு ஆம்ப்புகளுக்கு என்று ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. அவை இதமாக ஒலிக்க இரண்டு காரணங்கள். ஒன்று, அவற்றில் பலவற்றுக்கு மேலே சொன்ன அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம். இரண்டு, அவை ஒலியில் இல்லாத ஒன்றைக் கொஞ்சம் சேர்க்கின்றன. 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று உள்ளே போனால், வெளியே வரும்போது கூடவே 880 ஹெர்ட்ஸும் மெல்லியதாக வரும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். மத்திய ஸ்தாயி சட்ஜத்தோடு மேல் சட்ஜம் சேர்ந்து ஒலிப்பதுபோல. சுருதி சேர்ந்த கலப்படம் என்பதால் காதுக்கு உறுத்துவதில்லை. ஆனாலும் கலப்படம் கலப்படம்தான்.

இதைக் கேட்டால் யாருக்கு எது என்பது ஓரளவு தெளிவாகும்.

சாதாரண இயர்போன், 16 முதல் 50 ஓம் வரை: போனின் ஜாக் அல்லது ஒரு சிறிய டாங்கிள் போதும்.

பிளேனார் ஹெட்போன்: ஓம் குறைவு, ஆனால் சென்சிட்டிவிட்டியும் பெரும்பாலும் குறைவு. மில்லிவாட் அதிகம் தரும் ஆம்ப் தேவை.

250, 300 ஓம் ஹெட்போன், நியூட்ரலாகக் கேட்க: 2 வோல்ட்டுக்குக் குறையாத, அவுட்புட் இம்பீடன்ஸ் குறைந்த டாங்கிள் அல்லது மேசை ஆம்ப்.

அதே ஹெட்போன், இதமாகக் கேட்க: ஆசையும் பணமும் இருந்தால் வால்வு ஆம்ப். இல்லாவிட்டால் போனிலேயே ஈக்வலைசர்.

கடைசியாகச் சொன்ன ஈக்வலைசரைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். ஆண்ட்ராய்டில் 'வேவ்லெட்' போன்ற செயலிகள் இருக்கின்றன. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றினால், எந்தப் பெட்டியும் வாங்காமலேயே இதம் வந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவு மொத்த அளவை முதலில் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் உச்ச இடங்களில் ஒலி பிசிறடிக்கும். பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். 18,000 ரூபாய்ப் பெட்டியில் அந்த வசதி இல்லை!

அப்பாவின் மல்டிமீட்டர் சோதனை

"அப்போ நான் வாங்கின பெட்டி வேஸ்ட்டாக்கா?" என்று தம்பி முகம் சுண்டிவிட்டது. பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று அப்பா தன் பழைய மல்டிமீட்டரை எடுத்துவந்தார்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது எல்லோரும் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. எது ஒரு இழை சத்தம் அதிகமோ, அதுதான் 'நன்றாக இருக்கிறது' என்று மூளை முடிவுகட்டிவிடும். அரை டெசிபல் கூடியிருந்தால்கூடப் போதும். அதனால் முதலில் சத்தத்தைச் சமமாக்க வேண்டும். போனில் 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஜாக் ஸ்ப்ளிட்டர் வழியாக வோல்ட்டேஜை அளந்தோம். சாதாரண மல்டிமீட்டர் வீட்டு மின்சாரத்தை அளக்கச் செய்தது. அதனால் இந்தத் தாழ்ந்த சுருதியில்தான் சரியாகக் காட்டும். சோதனை ஒலி ஓடும்போது ஹெட்போனைக் காதில் மாட்டக் கூடாது.

ஒரு பக்கம் 18,000 ரூபாய்ப் பெட்டி. இன்னொரு பக்கம் நான் வைத்திருந்த சின்ன டாங்கிள். வோல்ட்டேஜைச் சமமாக வைத்து, தம்பியைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டேன். பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னான். காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். எனக்கு ஆறு. அதுவும் குருட்டாம்போக்குதான்.

நீங்கள் எந்தப் பெட்டியையும் வாங்குவதற்கு முன், முடிந்தால் இப்படி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள். எங்களுக்கு அந்த நாள்கள் கடந்துவிட்டன.

மணல் எங்கே இருந்தது?

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஸ்டுடியோ ஹெட்போன் இயல்பிலேயே மேல்சுருதியைத் தூக்கிக் காட்டும் ரகம். ஒலிப்பதிவில் உள்ள சின்னச் சின்னப் பிழைகளைக் கண்டுபிடிக்க அது உதவும். பழைய பாட்டை ரசிக்க அல்ல. ஈக்வலைசரில் 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி 5 டெசிபல் குறைத்து, கீழே கொஞ்சம் ஏற்றினேன். "ம்... இப்பப் பரவாயில்லை" என்றார்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் நாள், வெறும் போனில் மாட்டியபோதே முழு வால்யூம் எனக்குப் போதுமானதாக இருந்தது. தம்பிக்கும் போதுமானதாக இருந்தது. அப்பாவுக்கு மட்டும்தான் போதவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். டி.வி. சத்தத்துக்காக அம்மா அவரோடு தினமும் சண்டை போடுவதையும் நாங்கள் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய் ஆடியோமெட்ரி எனும் செவித்திறன் பரிசோதனை எடுத்தோம். வலியில்லாத பரிசோதனை. வயதினால் வரும் கேட்புக் குறைவு இரண்டு காதிலும் இருந்தது, மேல்சுருதிகளில் அதிகமாக. மருத்துவர் இன்னொன்றும் விளக்கினார். இப்படிப்பட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் சத்தத்தைக் கூட்டினால், ஒரு கட்டத்துக்கு மேல் சட்டென்று எரிச்சலாக, கரகரப்பாக மாறிவிடும். சுசீலா குரலில் கொட்டியிருந்த மணலுக்குப் பாதிக் காரணம் ஹெட்போன். மீதிப் பாதி இதுதான். நாங்களோ அதற்கு மேலும் தெம்புள்ள பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு, 'இன்னும் கூட்டுங்கப்பா' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எல்லா வயதினருக்கும் பொருந்தும் கணக்கு ஒன்றை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம், 75 டெசிபலில். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வெறும் 20 நிமிடம். போன காது திரும்பாது. பல போன்களில் ஹெட்போன் சத்தத்துக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. பிள்ளைகளின் போனில் அதை இன்றே போட்டுவிடுங்கள்.

இப்போது அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி பொருத்தியிருக்கிறோம். டி.வி. சத்தம் குறைந்துவிட்டது, அம்மாவுக்கு நிம்மதி. பாட்டு கேட்கும்போது மட்டும் அதைக் கழற்றிவைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். மருத்துவரிடம் கேட்டுத்தான். என் சின்ன டாங்கிள், திருத்திய ஈக்வலைசர், பாதிக்கும் கீழே வால்யூம். 18,000 ரூபாய்ப் பெட்டியைத் தம்பி தன் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொண்டான்.

போன ஞாயிறு மதியம் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து ஹெட்போனை மெதுவாகக் கழற்றப் போனேன்.

"இரும்மா, சரணம் வரப்போகுது" என்றார்.